உப்புமலை ஊரில் ஒரு கல்யாண விசாரிப்பு

மலைக்குள் உப்பு இருக்கிறது என்று என் மகள் போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. உப்பு எங்கே விளையும் என்று எனக்குத் தெரியாதா? கடல் வேண்டும், வெயில் வேண்டும், பாத்தி கட்ட ஆள் வேண்டும். கன்னியாகுமரி போகும் பாதையில் உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் போய் வந்தவள் நான். ஆஸ்திரியா நாட்டுக்குக் கடலே கிடையாது. அங்கே ஆல்ப்ஸ் மலை இடுக்கில், ஓர் ஏரிக்கரையில் ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன ஊர். அந்த ஊர்க்காரர்கள் மலையைக் குடைந்து உப்பு எடுத்தே ஆயிரக்கணக்கான வருடமாகப் பிழைத்தார்களாம். ஓர் ஊரே கூடியா அம்மா பொய் சொல்லும் என்று கேட்டாள். ஏன் சொல்லாது என்றேன்.

நான் வட்ட வழங்கல் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ரேஷன் கார்டுகளைச் சரிபார்க்க வீடு வீடாகப் போயிருக்கிறேன். ஒரு தெருவே கூடிப் பொய் சொல்வதை இந்தக் காதால் கேட்டிருக்கிறேன். செத்து மூன்று வருடமான மாமனார் உள்ளே படுத்திருக்கிறார், இருமல், எழுந்து வரமாட்டார் என்பாள் மருமகள். ஆமாம், இப்போதுதான் கஞ்சி குடித்தார் என்பார் பக்கத்து வீட்டுக்காரர். அப்படியா, சுகமாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க் கல்லில் பெயரைப் பார்த்துவிட்டு வருவேன். எங்கள் பக்கம் பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பங்கள். கல்லறைத் தோட்டத்தில் குடும்பத்துக்கு ஒரு வரிசை. அங்கே யாரும் பொய் சொல்வதில்லை.

கல்யாணத்துக்கு ஆள் விசாரிப்பதிலும் இதுதான் என் முறை. சொந்தத்தில் யார் வீட்டில் வரன் வந்தாலும் என்னைத்தான் அனுப்புவார்கள். முதலில் அந்த ஊருக்கு மீன் கொண்டுவரும் அக்காவைப் பிடிப்பேன். எந்த வீட்டில் சண்டை, எந்த வீட்டில் குடி என்று அவருக்குத் தெரியாதது இல்லை. அடுத்து பலசரக்குக் கடை. கடைசியாகக் கல்லறைத் தோட்டம். தாத்தா, தாத்தாவுக்கு அப்பா என்று நாலு தலைமுறை ஒரே வரிசையில் கிடந்தால் ஒட்டி வாழ்ந்த குடும்பம். கல்லே இல்லையென்றால் எங்கிருந்தோ ஓடி வந்தவர்கள், ஏதோ மறைக்கிறார்கள். இந்தக் கணக்கு ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

என் ஒரே மகள் அந்த மலையூரில் முதியோர் இல்லத்தில் நர்ஸ். போய் நாலு வருடமாகியிருந்தது. இரண்டு வருடத்தில் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள். அந்த இரண்டு வருடம் முடிந்ததும் இன்னும் கொஞ்ச நாள் என்றாள். பிறகு ஒருநாள், அந்த ஊர்க்காரன் ஒருத்தனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன், கல்யாணம் நம்ம சபையில்தான், அடுத்த மாதம் மூன்று ஞாயிறு அறிக்கை வாசிக்கச் சொல்லு என்றாள். அறிக்கை என்றால், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஆராதனையில் எல்லார் முன்னும் வாசிப்பது. எங்கள் சபைக்குச் செயலாளர் என் தம்பி. கோபத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. அதற்கு முன்னால் நான் வந்து பார்க்க வேண்டாமா மோளே என்று மட்டும் கேட்டேன். விசா எடுத்து, கம்பளிச் சட்டை எடுத்து, விமானம் ஏறினேன். மனசுக்குள் ஒரே ஒரு திட்டம்தான். ஒரு குறை, ஒரே ஒரு குறை கண்டுபிடித்தால் போதும், பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

போனதும் முதல் வேலையாக உப்பைத்தான் பார்த்தேன். மாப்பிள்ளைப் பையனுக்கு அந்தச் சுரங்கத்தில்தான் வேலை, உள்ளே மரத் தாங்கல்கள் விழாமல் பார்த்துக்கொள்கிற வேலை. அவனே கூட்டிக்கொண்டு போனான். சுவரில் சிவப்பும் சாம்பலுமாகக் கோடு கோடாகப் பாறை. யாரும் பார்க்காத நேரம் விரலால் தேய்த்து நாக்கில் வைத்தேன். உப்புதான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை, நமக்குக் காட்டுவதற்காக ஒரு இடத்தில் தடவி வைத்திருக்கலாம். நாலு எட்டு தள்ளிப்போய் வேறு சுவரைத் தொட்டு நக்கினேன். அங்கேயும் உப்பு. திரும்பிப் பார்த்தால் பையன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். கையும் களவுமாகப் பிடிபட்டது நான். அதற்காக அவனை நல்லவன் என்று சொல்லிவிட முடியுமா?

என்னைப் பார்த்த அன்று "வணக்கம் அம்மா, சுகமா இருக்கியளா?" என்று எங்கள் ஊர்த் தமிழிலேயே கேட்டான். இவ்வளவு பயிற்சி எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றியது. குடிப்பதில்லை என்றாள் மகள். குடிக்காதவனுக்கு ஏன் மூக்கு சிவந்திருக்கிறது என்று கேட்டேன். குளிரும்மா, உனக்க மூக்கையும் கண்ணாடியில பாரு என்றாள்.

அவனுடைய அம்மாதான் எனக்குப் பிடிபடவில்லை. என் வயதுதான் இருக்கும். உயரம், ஒட்டிய கன்னம், சிரிப்பு மருந்துக்கும் கிடையாது. கணவர் இறந்து எட்டு வருடமாகிறது. எங்கள் இருவருக்கும் பொது மொழி கிடையாது. நான் போனில் தமிழில் பேசினால் அது ஜெர்மனில் சொல்லும், அவர் பேசினால் செய்தி வாசிக்கிற தமிழில் ஒரு பெண் குரல் சொல்லும். அதை வைத்துக்கொண்டு என்னத்தைத் துருவுவது? அவர் என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன். ரொட்டியை என் பக்கம் நகர்த்தி வைப்பார். இவள் எதையோ அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் பட்டது.

அந்த வீட்டுக்கு ஒரு சரித்திரம் இருந்தது. ஊருக்கே இருந்த சரித்திரம் என்றும் சொல்லலாம். முன்னொரு காலத்தில் அங்கே ஆண்டவர்கள் கத்தோலிக்கர்கள். நம்மைப்போல சீர்திருத்த சபைக்காரர்கள் வேதம் வைத்திருக்கவே கூடாது என்று உத்தரவாம். அதிகாரிகள் வீடு வீடாகச் சோதனை போட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரன் பக்கத்து வீட்டுக்காரனைக் காட்டிக்கொடுத்தான். பிடிபட்டவர்களைப் படகில் ஏற்றி, பார்த்திராத தேசத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். சில வீடுகளில் பிள்ளைகளை மட்டும் பிடுங்கி வைத்துக்கொண்டார்களாம். இந்தக் குடும்பம் தப்பியது. ரொட்டி சுடுகிற அடுப்புக்கு அடியில் ஒரு குழி செய்து அதில் வேதத்தை வைத்துக்கொண்டு, ஞாயிறு தவறாமல் கத்தோலிக்கக் கோயிலில் போய் முழங்காலில் நின்றார்கள், நாலைந்து தலைமுறையாக. பையன் முட்டுக்குத்தி உட்கார்ந்து கல்லைத் தள்ளி அந்தக் குழியைக் காட்டினான். என் மகள் கண் கலங்கிப்போய் நின்றாள், முதல் தடவை பார்ப்பதுபோல. எனக்கு வேறு யோசனை. சோதனை போட வந்த அதிகாரியின் இடத்தில்தான் என் மனசு போய் நின்றது, அது பழக்கதோஷம். நாலைந்து தலைமுறை ஊரையே நம்பவைத்தவர்களுக்கு என்னை நம்பவைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

சரி, முறைப்படி விசாரிப்போம் என்று இறங்கினேன். மீன்காரி என்று யாரும் அந்த ஊரில் இல்லை. ரொட்டிக்கடையில் போய் போனை நீட்டி அந்தக் குடும்பம் எப்படி என்று கேட்டால், நாளைக்கு மழை வரும் என்று பதில் வருகிறது. இன்னொரு கடையிலும் இதே பதில். ஊரே வாய்க்குப் பூட்டுப் போட்டிருக்கிறது என்று முடிவு கட்டினேன். மிச்சமிருந்தது கல்லறைத் தோட்டம்தான்.

கோயிலை ஒட்டி, ஏரிக்கு மேலே, வீடு கட்டினால் இரண்டு வீடுதான் தேறும், அவ்வளவு இடத்தில் இருந்தது. இரண்டு சபைக்கும் அதே இடம்தான். கீரைப் பாத்தி போலச் சின்னச் சின்னதாகக் கல்லறைகள், எல்லாவற்றிலும் பூச்செடி, தலைமாட்டில் மரச் சிலுவை. நோட்டுப் புத்தகத்தோடு வரிசை வரிசையாகப் போனேன். அவன் அப்பாவின் கல்லறை இருந்தது. அதற்கு மேல் அந்தக் குடும்பப் பெயரில் ஒன்றுமே இல்லை. தாத்தா இல்லை, பாட்டி இல்லை, பெரியப்பா சித்தப்பா யாருமே இல்லை. நானூறு வருடமாக இதே ஊரில் இருக்கிறோம் என்று சொன்னவர்கள்! மறுநாள் மறுபடி போய் எண்ணினேன். அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்தத் தோட்டத்திலேயே பழைய கல்லறை என்று ஒன்று கிடையாது. என் மகளைவிட வயதான சிலுவை ஒன்றுகூட இல்லை. ஆயிரக்கணக்கான வருடச் சரித்திரம் என்று பீற்றிக்கொள்கிற ஊரில் நேற்றுச் செத்தவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். அப்படியானால் இவர்கள் எல்லாரும் யார்?

அதே இடத்தில் நின்று தம்பிக்குப் போன் போட்டேன். ஆள் சரியில்லை, ஞாயிற்றுக்கிழமை அறிக்கை வாசிக்காதே, மற்றதை வந்து சொல்கிறேன் என்றேன். என்ன அக்கா ஆச்சு என்று பதறினான். குடும்பமே போலி என்று தோன்றுகிறது என்றேன். சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. குறை கிடைத்துவிட்டது. பெண் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

இரண்டு நாள்கூட ஆகவில்லை. தம்பி அவன் மனைவியிடம் சொல்ல, அவள் வேறு யாரிடமோ சொல்ல, குழித்துறைச் சந்தைவரைக்கும் பேச்சாகி, யாரோ ஒரு சொந்தக்காரப் பெண் என் மகளுக்கே வாட்சப்பில் கேட்டுவிட்டாள், மாப்பிள்ளை ஏமாற்றிவிட்டானாமே என்று. மகள் வேலையிலிருந்து வந்தாள். கோட்டைக் கழற்றாமலே என் முன்னால் உட்கார்ந்தாள்.

"எனக்க கல்யாணத்துக்குத் தடை சொன்னது நீயா?"

நான் நோட்டை எடுத்து விரித்து வைத்தேன். எத்தனை வரிசை, எத்தனை பெயர், எந்த வருடம், எல்லாம் இருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. சந்தேகம் இருந்தால் அவர்களிடமே கேட்டிருக்கலாமே என்றாள். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்களா என்று நான் கேட்டேன்.

"என்னத்தக் கண்டாலும் நீ இதத்தான் சொல்லுவ. நீ விசாரிக்க வரல்ல. என்னக் கூட்டிட்டுப் போவ வந்திருக்க."

அன்றும் மறுநாளும் அவள் என்னோடு பேசவில்லை. சோறு வைத்தாள், கம்பளியை எடுத்துத் தந்தாள், முகம் மட்டும் கல். எனக்கு வீம்பு ஏறியது. இன்னும் உறுதியான ஆதாரம் வேண்டும், போட்டோ எடுத்து வைக்க வேண்டும் என்று மூன்றாம் தடவையாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன்.

போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் ஆள் வந்து நிற்பது தெரிந்தது. பையனின் அம்மா. கையில் தண்ணீர்ப் பூவாளி. கணவர் கல்லறையில் செடிக்குத் தண்ணீர் விட வந்திருக்கிறார். என் கையில் இருந்த நோட்டைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, எதுவுமே இல்லை. பூவாளியைக் கீழே வைத்துவிட்டு, போனை எடுத்துப் பேசி என் பக்கம் நீட்டினார். அந்தச் செய்திக்காரி சொன்னாள்:

"நீங்கள் எங்கள் இறந்தவர்களை எண்ணுகிறீர்கள். வாருங்கள், மீதியையும் எண்ணுங்கள்."

எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. வேறு வழியில்லாமல் பின்னால் போனேன். கோயிலுக்குப் பின்பக்கம், பாறையோடு சேர்ந்தாற்போல ஒரு சின்ன அறை. கதவைத் திறந்தார். உள்ளே கால் வைத்தவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கீழே எலும்புகளை விறகுபோல அடுக்கி வைத்திருந்தார்கள். மேலே பலகைகளில் மண்டையோடுகள், நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றின் நெற்றியிலும் பெயர், அதைச் சுற்றிப் பச்சை இலையில் ஒரு மாலை, பெண்களுக்கு ரோஜாப்பூ. பெயிண்டில் வரைந்திருந்தார்கள். ஏசப்பா என்று வாய்விட்டே சொன்னேன்.

அவர் சொல்லச் சொல்ல போன் சொல்லிக்கொண்டு வந்தது. மலை இருக்கிறது, ஏரி இருக்கிறது, நிலம் இல்லை. அதனால் மண்ணுக்குள் ஒருவருக்குப் பத்து வருடம்தான். அடுத்தவருக்கு இடம் வேண்டுமே. பத்து வருடம் கழித்துத் தோண்டி எடுத்து, தலையைக் கழுவி, வெயிலிலும் நிலாவிலும் வெளுக்க வைத்து, சொந்தப் பிள்ளைகளே பெயர் எழுதி இங்கே கொண்டுவந்து வைப்பார்கள். இப்போதெல்லாம் பலர் எரித்துவிடுகிறார்கள் அல்லது கல்லறைக் குத்தகையை நீட்டிக்கொள்கிறார்கள். இதுதான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு மட்டும் செய்கிறார்கள். அவர் கணவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பிறகு என் கையைப் பிடித்து ஒரு பலகைக்கு முன்னால் நிறுத்தினார். அந்தக் குடும்பப் பெயர். நானே எண்ணினேன். பன்னிரண்டு. எட்டு ஆண், நாலு பெண். எங்கள் தோட்டத்தில்கூட ஒரு வரிசையில் இத்தனை பேர் கிடையாது.

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. தம்பியிடம் சொன்ன வார்த்தை, சந்தைவரைக்கும் போன பேச்சு, எல்லாம் மேலே வந்து விழுந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்குக் காத்திருக்கவில்லை. கடைசியில் இருந்த ஒரு பெண் தலையைக் காட்டினார்.

"இவள் வெளியூரிலிருந்து வந்தவள். மூன்று பள்ளத்தாக்கு தள்ளி. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள், திரும்பிப் போகவில்லை."

ரோஜாப்பூ மங்கியிருந்தது. பெயர் மட்டும் தெளிவாக இருந்தது. அவளுக்கு ஓர் அம்மா இருந்திருப்பாள், மூன்று பள்ளத்தாக்குக்கு அப்பால். அந்த அம்மா எந்த மண்ணில் கிடக்கிறாளோ, யாருக்குத் தெரியும்? அதற்குப் பக்கத்தில் பலகை காலியாக இருந்தது. அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். அடுத்தது கணவருக்கு, பிறகு தனக்கு. அதற்கப்புறமும் ஒரு சாண் இடம் இருந்தது. அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

அவர் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து நீளமாகப் பேசினார். இதுவரை அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. குரல் நடுங்கியது. செய்திக்காரி நடுங்காமல் வாசித்தாள்.

"இரண்டு வருடத்தில் என் கணவரை எடுப்போம். என் மகன் அவருடைய தலையைக் கழுவுவான். அன்று உங்கள் மகள் அவன் பக்கத்தில் நிற்பாளா? அல்லது அதற்கு முன்பே அவனை உங்கள் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாளா? நீங்கள் வந்த நாளிலிருந்து நான் இதைத்தான் யோசிக்கிறேன்."

அடப்பாவமே. ரொட்டியை நகர்த்தி வைத்துவிட்டு இந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தது இதற்குத்தானா! என் பெண்ணை இவர்கள் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நான் துப்புத் துலக்க, தன் பிள்ளையை நாங்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவோம் என்று இவர் பயந்து கிடந்திருக்கிறார். பாவம், ஒற்றைப் பிள்ளைக்காரி. என்னைப்போல.

ஆமாம், கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த அம்மாவே கல்யாணத்தை நிறுத்தியிருப்பார். அந்த வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் பெற்ற பிள்ளையை எனக்குத் தெரியும். நாலு வருடமாக யாரோ பெற்ற கிழவர்களைக் கழுவித் துடைத்து, கடைசியில் கண்ணையும் மூடிவிடுகிறவள். அவளா ஓடுவாள்?

"நிப்பா. எனக்க மோள் நிப்பா" என்றேன்.

போனுக்கு எங்கள் பேச்சு புரியவில்லை. திரும்பச் சொல்லுங்கள் என்றது. மூச்சை இழுத்துக்கொண்டு, ஆபீஸ் கடிதத்துக்குச் சொல்வதுபோல, என் மகள் அவன் பக்கத்தில் நிற்பாள் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அது ஜெர்மனில் சொன்னது. அந்த அம்மா பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். பிறகு நாங்கள் இருவரும் வெளியே வந்து செடிக்குத் தண்ணீர் விட்டோம்.

மகளிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. வந்த முதல் மாதமே இல்லத்தில் இருந்த ஒரு கிழவி, என் வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டு வா என்று அங்கே அனுப்பினாராம். பயமாக இல்லையா என்று கேட்டேன். மூணு நாளு உறக்கம் இல்ல, பொறவு பழகிட்டு என்றாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் அன்றைக்கே பெட்டி கட்டு என்று சொல்லியிருப்பாய் என்றாள். உண்மைதான். என் தோளில் தலையை வைத்து உட்கார்ந்தாள். அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை எடுத்துவிட்டேன். நெற்றி எலும்பு கையில் பட்டுவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் தம்பியைக் கூப்பிட்டேன். நாளைக்கே அறிக்கை வாசி, நான் சொன்னது தப்பு, ஊரில் கேட்பவர்களிடமும் தப்பு என்று சொல் என்றேன். அவன் செயலாளர் அல்லவா, இழுத்தான். நல்லா விசாரிச்சாச்சா, குடும்பம் எப்படி என்று கேட்டான்.

"பழைய குடும்பம். பன்னிரண்டு பேரை நேர்ல கண்டேன்."

அவனுக்கு ஒரே சந்தோஷம். அத்தனை பேர் சேர்ந்தா வந்து உங்களைப் பார்த்தார்கள் என்று கேட்டான். வரவில்லை, நான் போய்த்தான் பார்த்தேன் என்றேன். பிறகு அவன் கல்யாண வேலைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். சமையலுக்கு யார், பந்தலுக்கு யார். அப்படியே பேச்சோடு பேச்சாக, உங்கள் வீட்டு மாடியைப் பூசி முடித்து பெயிண்ட் அடித்துவிடட்டுமா, பிள்ளைகள் ரெண்டு வருடத்தில் திரும்பி வந்தால் அங்கேதானே இருப்பார்கள் என்று கேட்டான்.

"வேண்டாம் மக்கா. அவ இனி வரமாட்டா."

இந்த நாலு வருடத்தில் நான் அதை யாரிடமும் சொன்னதில்லை, ஜெபத்தில்கூடச் சொன்னதில்லை. அக்கா, அக்கா என்று அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். போனை வைக்கத் தோன்றாமல் கையில் பிடித்துக்கொண்டு அழுதேன்.